உறைக்குள் ஒரு பெயர்

சென்ற தவக்காலத்தில் எங்கள் அன்பியக் கூட்டம் அனகாபுத்தூரில் ஒரு நெசவாளர் இல்லத்தில் நடைபெற்றது. ஒரு காலத்தில் தறி ஓடிய அறையில்தான் பாய் விரித்து அமர்ந்திருந்தோம். தறி இப்போது இல்லை. அதன் குழி மட்டும் பலகையால் மூடப்பட்டுக் கிடந்தது. அன்றைய பகிர்வு எட்டாம் கட்டளையைப் பற்றியது. பொய்ச்சான்று, புறணி, அவதூறு என்று ஒவ்வொன்றாகப் பேசிக்கொண்டு வந்தபோது, மத்திய அரசுத் துறை ஒன்றில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் இளம்பெண் ஒருவர் என் பக்கம் திரும்பினார்.

"ஐயா, நீங்க முப்பது வருஷத்துக்கு மேல சர்க்கார் உத்தியோகம் பார்த்தவங்க. எங்க ஆபீசுல பில்லுங்கள்ல ஒரு தப்பு நடக்குது. எனக்குத் தெரியுது. அதை மேல எழுதினா புறணி பேசின பாவமா? எழுதாம இருந்தா பொய்ச்சாட்சியா?"

யாரும் உடனே பேசவில்லை. பிறகு ஒரு பெரியவர், "உத்தியோகம் பண்ற எடத்துல கண்ணையும் காதையும் மூடிக்கணும்மா, கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு நீ" என்றார். அவர் கெட்ட மனிதர் அல்லர். அந்தப் பெண்ணின் மீதிருந்த அக்கறையால்தான் சொன்னார். நான் 'அடுத்த வாரம் பேசுவோம்' என்று நழுவினேன். நழுவியதற்குக் காரணம் உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

நிருவாகத்திற்குள் நடக்கும் தவற்றை உள்ளிருப்பவரே வெளிப்படுத்துவதற்கு ஆங்கிலத்தில் ஊதலை ஊதுதல் என்ற பொருளில் ஒரு சொல் இருக்கிறது. ஊரைக் காக்கும் காவலரையும் ஆட்டத்தை நடத்தும் நடுவரையும் நினைவூட்டும் சொல் அது. நம் தமிழில் அதற்கு நிலைத்த சொல் இன்னும் அமையவில்லை. அலுவலகங்களில் வழங்குவதோ வேறு சொல்: காட்டிக்கொடுத்தல். "அவன்தான் காட்டிக்கொடுத்தான்" என்று சொல்லிவிட்டால் போதும். தேநீர் வேளையில் அவனருகே ஒருவரும் அமரமாட்டார். கிறிஸ்தவர்களாகிய நமக்கு அந்தச் சொல் இன்னும் கனமானது. புனித வாரத்தில் பாடுகளின் வரலாறு வாசிக்கப்படும்போது யூதாசோடு சேர்த்தே அதைக் கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஆகவே, மேலதிகாரியின் திருட்டைப் பற்றி எழுதப் பேனாவைத் திறக்கும் ஒரு கத்தோலிக்கர், தம்மை அறியாமலே முப்பது வெள்ளிக்காசு வாங்கியவரின் இடத்தில் தம்மை வைத்துப் பார்த்துக் கூசுகிறார். அந்தப் பெண்ணின் கேள்வியிலும் இந்தக் கூச்சம் இருந்தது.

இந்தக் கூச்சத்திற்குத் திருச்சபையின் போதனையில் இடமில்லை. 1992-ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட கத்தோலிக்க மறைக்கல்வி நூல், பிறர் குறையை வெளியிடுவதைக் குற்றமாகச் சொல்லும்போது, தகுந்த காரணமின்றி வெளியிடுவதையே குற்றம் என்கிறது. மத்தேயு நற்செய்தி 18-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் காட்டும் வழியும் நாம் அறிந்ததே: முதலில் தனியாகச் சென்று பேசு, கேளாவிட்டால் ஓரிருவரை அழைத்துச் செல், அதற்கும் செவிசாய்க்காவிட்டால் சபையிடம் சொல். இந்த ஒழுங்கை எல்லாத் தவறுகளுக்கும் பொருத்தலாமா என்று பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே புனித அக்குவினா தோமையார் தம் இறையியல் தொகுப்பில் வினவியிருக்கிறார். அவர் தரும் எடுத்துக்காட்டு, நகரத்தைப் பகைவரிடம் ஒப்படைக்க மறைவில் சூழ்ச்சி செய்பவன். அவனிடம் தனியே சென்று புத்தி சொல்லிக் காத்திருப்பதற்குள் நகரம் வீழ்ந்துவிடும். பலருக்குத் தீங்கு விளைவிக்கும் மறைவான குற்றத்தை, தனித்த அறிவுரையால் உடனே தடுக்க முடியும் என்ற உறுதியான நம்பிக்கை இருந்தாலன்றி, காலந்தாழ்த்தாமல் வெளிப்படுத்த வேண்டும் என்பது அவர் முடிவு. தன் மானத்திற்கு மட்டும் இழுக்குத் தேடிக்கொண்ட சகோதரன் வேறு, ஊர்ப் பொதுவைத் தின்பவன் வேறு.

நகரம், பகைவர் என்றெல்லாம் சொன்னால் ஏதோ கோட்டை முற்றுகைக் காலத்துச் செய்தி போலத் தோன்றலாம். எங்கள் ஊருக்கு அது அவ்வளவு தொலைவில் இல்லை. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு பெருக்கெடுத்து எங்கள் பகுதி வீடுகளுக்குள் புகுந்ததை நான் கண்ணால் கண்டவன். 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் தலைவரின் அறிக்கை, அந்த வெள்ளத்தை மனிதரால் விளைந்த பேரிடர் என்றே குறித்தது. பின்னர் 2025 மே மாதத்தில், இதே அனகாபுத்தூரின் ஆற்றங்கரையில் நூற்றுக்கணக்கான வீடுகள் ஆக்கிரமிப்பு எனச் சொல்லி இடிக்கப்பட்டன. வரி கட்டிய ரசீதையும் மின்கட்டண அட்டையையும் கையில் வைத்துக்கொண்டு நின்ற தாய்மார்களின் முகங்கள் இன்னும் மறக்கவில்லை. வழக்கின் நியாய அநியாயத்தை எடைபோடுவது என் நோக்கமன்று. அந்தக் கரையில் வீடு எழும்பிய நாற்பது ஐம்பது ஆண்டுகளில் எத்தனை மேசைகளில் எத்தனை பேர் 'இது தவறு' என்று அறிந்தே கையொப்பமிட்டிருப்பார்கள் என்று மட்டும் எண்ணிப் பார்த்தேன். ஒப்பமிட்ட எவர் வீடும் இடிபடவில்லை. அலுவலக அறையில் காக்கப்படும் மௌனத்தின் விலையை, அந்த அறைக்குள் ஒருநாளும் நுழைந்திராதவர்களே செலுத்துகிறார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. மொட்டைக் கடுதாசி என்றாலே அரசு ஊழியர்களுக்கு ஏன் எரிச்சல் வருகிறது? பதவி உயர்வுப் பட்டியல் வெளியாகும் காலத்தில்தான் அவை மழைக்காலத்து ஈசல் போலக் கிளம்பும். பிடிக்காதவர்மேல் இல்லாததையும் பொல்லாததையும் எழுதி, கையெழுத்து தெரியாதிருக்க இடக்கையால் எழுதியவர்களை நான் அறிவேன். பெண் ஊழியர்களின் நடத்தையைப் பற்றி எழுதப்பட்ட கடிதங்களால் குடும்பங்கள் சிதைந்ததும் உண்டு. ஆகவே பெயரற்ற மனுக்கள் மீது நடவடிக்கை எடுப்பதில்லை என்ற விதியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதன் மறுபக்கம் என்ன? உண்மையைச் சொல்ல வந்தவர் பெயரைப் போட்டே தீர வேண்டும். பெயரில்லாவிட்டால் கடிதத்திற்கு மதிப்பில்லை. பெயரிருந்தால் எழுதியவருக்குப் பாதுகாப்பில்லை. இந்த இடுக்கில்தான் நேர்மையானவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

அப்படி மாட்டிக்கொண்டவர்தான் சத்தியேந்திர துபே. பீகார் மாநிலம் சிவான் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கட்டடப் பொறியியல் பயின்று, 2002-இல் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் பணிக்கு வந்தவர். எங்கள் ஊருக்கு அருகே தாம்பரம்–மதுரவாயல் புறவழிச்சாலையில் இரவெல்லாம் ஓடும் லாரிகளின் ஓசை கேட்கும். அந்தச் சாலையை அமைத்ததும் அதே ஆணையம்தான். துபே பணியாற்றியது தங்க நாற்கரத் திட்டத்தின் பீகார்–ஜார்க்கண்டு பகுதியில். பெரிய ஒப்பந்தக்காரர்கள் வேலையைத் தகுதியற்ற சிறியவர்களுக்கு உள்குத்தகைக்கு விடுவதையும், பொதுப்பணம் வீணாவதையும் கண்ட அவர், 2002 நவம்பரில் பிரதமர் வாஜ்பாயிக்குக் கடிதம் எழுதினார். மொட்டைக் கடுதாசி என்று தள்ளிவிடக்கூடாதே என்பதற்காகத் தம்மைப் பற்றிய விவரங்களைத் தனித்தாளில் இணைத்தார். தம் பெயரை இரகசியமாக வைக்கும்படி வேண்டியும் கொண்டார்.

பெயர் இரகசியமாக வைக்கப்படவில்லை. கடிதம், பெயரோடு, அமைச்சகத்திற்கும் அங்கிருந்து அவர் பணியாற்றிய ஆணையத்திற்கும் போயிற்று. ஓராண்டு கழித்து, 2003 நவம்பர் 27-ஆம் நாள் விடியுமுன், வாரணாசியில் ஒரு திருமணத்திற்குச் சென்று திரும்பிக்கொண்டிருந்த அவர் கயாவில் சுட்டுக்கொல்லப்பட்டார். வழிப்பறியின்போது நிகழ்ந்த கொலை என்று மத்தியப் புலனாய்வுத் துறை முடிவு கண்டது. 2010-இல் பாட்னா நீதிமன்றம் மூவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. குடும்பத்தாரும் நண்பர்களும் அந்த முடிவை ஏற்கவில்லை. எது உண்மை என்று தீர்ப்புக்கூற நான் யார்? ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவரைக் கொன்றவர்கள் வெறும் வழிப்பறிக்காரர்களே என்று வைத்துக்கொண்டாலும், ஓராண்டுக்கு முன்னரே அவருக்கு இழைக்கப்பட்டுவிட்ட தீங்கு ஒன்று இருக்கிறது. நம்பி ஒப்படைத்த பெயரை, யார் பார்க்கக்கூடாதோ அவர்கள் பார்க்கும்படி நீட்டியது அது. காட்டிக்கொடுத்தல் என்ற சொல்லுக்குப் பொருத்தமான இடம் இந்தக் கதையில் அதுதான். அதைச் செய்தவர்கள் பெரும்பாலும் தீயவர்களாகவும் இருக்கமாட்டார்கள். 'தக்க நடவடிக்கைக்காக' என்று குறிப்பெழுதி அடுத்த மேசைக்கு நகர்த்திய, பழக்கத்தின் கையிலிருந்த சாதாரண மனிதர்கள்.

எனக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நானும் அப்படி ஒருமுறை நகர்த்தியவன்.

எண்பதுகளின் நடுவில் நான் ஓர் அரசு அலுவலகத்தின் தபால் பிரிவில் இளநிலை உதவியாளராக இருந்தேன். எங்கள் அலுவலகத்தின் கீழ் கட்டட வேலைகள் நடந்தன. களப்பணியில் இருந்த நண்பர் ஒருவர், கிடங்கிலிருந்து வெளியேறிய சிமெண்டு மூட்டைகளின் எண்ணிக்கைக்கும் அளவுப் புத்தகத்தில் எழுதப்பட்ட வேலைக்கும் பொருத்தமில்லை என்பதைக் கண்டார். கட்டப்பட்டுக்கொண்டிருந்தது ஒரு பள்ளிக்கூடம். அவர் முதலில் தம் அதிகாரியிடம் தனியே சொன்னார். மத்தேயு நற்செய்தியைப் படித்தவரல்லர், இயல்பாகவே அப்படிச் செய்தார். பயனில்லை. பிறகு தலைமை அலுவலகத்துக்குப் பெயரிட்டு எழுதினார். அந்த மனு ஒரு மாதத்தில் எங்கள் அலுவலகத்துக்கே திரும்பி வந்தது. 'அசல் மனு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. விசாரித்து அறிக்கை அனுப்புக' என்ற மேற்குறிப்போடு, எந்த அதிகாரியைப் பற்றி எழுதப்பட்டதோ அவர் முகவரிக்கே வந்தது.

உறையைப் பிரித்தவன் நான். படித்தேன், புரிந்தது. அன்றைக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட தபால்கள். மற்றவற்றைப் போலவே அதற்கும் எண்ணிட்டு, பகிர்மானப் பதிவேட்டில் 'அனுப்புநர்' என்ற கட்டத்தில் அவர் பெயரை முழுதாக, அழகாக எழுதினேன். எனக்கு நல்ல கையெழுத்து என்று கண்காணிப்பாளர் பாராட்டுவதுண்டு. அந்தப் பதிவேடு எல்லாப் பிரிவுகளுக்கும் கையொப்பத்திற்காகச் சுற்றி வரும். மதியச் சாப்பாட்டிற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

அதன்பின் நடந்தது அரசு ஊழியர் எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூன்று மாதத்தில் தொலைதூர மாறுதல். அங்கே போன பிறகு, எப்போதோ காலதாமதமாகக் கொடுத்த பயணப்படிப் பட்டியலுக்காக ஒரு 17 'பி' குறிப்பாணை. ஊதிய உயர்வு நிறுத்தம். அவர் மகளின் கல்லூரிப் படிப்பு பாதியில் நின்றதென்று கேள்விப்பட்டேன். யாரும் அவரை அடிக்கவில்லை, மிரட்டவுமில்லை. ஒவ்வொன்றும் விதிப்படியே நடந்தது. பின்னாளில் ஒருமுறை பல்லாவரம் ரயில் நிலையத்தில் அவரைச் சந்தித்தேன். உடல் தளர்ந்திருந்தார். குடும்பம், மழை, ரயில் தாமதம் என்று பேசினோம். அந்தப் பதிவேட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது அவர் இல்லை.

ஆகவே அந்தப் பெண் கேட்டபோது எனக்கு வாய் வரவில்லை. எழுதுகிறவருக்குத் துணிவு வேண்டும் என்று நாம் மேடைதோறும் பேசுகிறோம். எழுதியதைப் பெற்றுக்கொள்கிறவரின் கடமையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெரிய அதிகாரிகளை மட்டும் சொல்லவில்லை. தபாலைப் பிரிக்கிறவர், தட்டச்சு செய்கிறவர், கோப்பைச் சுமந்து செல்கிறவர், காதில் விழுந்ததை வீட்டில் சொல்கிறவர் என்று எல்லாரையும் சேர்த்தே சொல்கிறேன். ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதை உயிரே போனாலும் வெளியிடக்கூடாது என்ற முத்திரையைப் போற்றும் மக்கள் நாம். குருவானவருக்கு அது கட்டாயம் என்பதில் நமக்கு ஐயமில்லை. நம் கைக்கு வரும் இன்னொருவரின் பெயருக்கு மட்டும் ஏன் ஒரு முத்திரையும் இல்லை?

சட்டம் சும்மா இருந்ததா என்றால், சட்டமும் தாமதமாகவே வந்தது. துபே கொல்லப்படுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 2001 டிசம்பரில், சட்ட ஆணையம் தன் 179-ஆவது அறிக்கையில் இத்தகையோரைக் காக்க ஒரு சட்ட வரைவைக் கொடுத்திருந்தது. அது அப்படியே கிடந்தது. அவர் இறந்த பிறகு, 2004 ஏப்ரலில் மத்திய அரசு ஒரு தீர்மானம் வெளியிட்டு, இத்தகைய புகார்களைப் பெயரை மறைத்து ஏற்கும் பொறுப்பை மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்திடம் ஒப்படைத்தது. 2014 மே மாதத்தில் முறையான பாதுகாப்புச் சட்டமே குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. பத்தாண்டுகள் கடந்தும் அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை வெளிவரவில்லை. மாநில அரசு ஊழியர்களுக்கு 2004-ஆம் ஆண்டுத் தீர்மானத்தின் குடையும் இல்லை.

பெயரை மறைக்கவே முடியாத இடங்களும் உண்டு. தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் கிராம நிருவாக அலுவலராக இருந்த லூர்து பிரான்சிஸ் அத்தகைய இடத்தில் இருந்தவர். தாமிரபரணியில் மணல் அள்ளியதைப் பற்றிக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். கிராம அலுவலர் கொடுக்கும் புகார் அவர் பெயரில்தானே இருக்கும்? 2023 ஏப்ரல் 25 அன்று, பட்டப்பகலில், தம் அலுவலக நாற்காலியிலேயே வெட்டப்பட்டார். வழக்கு விரைந்து நடந்து, அதே ஆண்டு செப்டம்பரில் இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. குடும்பத்திற்கு அரசு ஒரு கோடி ரூபாய் அறிவித்தது. எல்லாம் நல்லதே. ஆனால் புகார் கொடுத்த நாளுக்கும் வெட்டப்பட்ட நாளுக்கும் இடைப்பட்ட நாட்களில், அந்தச் சிறிய அலுவலகத்தில் அவர் தனியாக அமர்ந்திருந்தாரே, அதை நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை. பெயரைக் காக்க முடியாவிட்டால் ஆளையாவது காக்க வேண்டாமா? ஊரார் நாலு பேர் தினமும் போய் வாசலில் உட்கார்ந்திருந்தால்கூட ஒரு காவல்தானே?

அடுத்த வாரக் கூட்டத்திற்கு முன் எரேமியா நூலை எடுத்துப் படித்தேன். இறைவாக்கினர் எரேமியாவை அதிகாரிகள் சேறு நிறைந்த கிணற்றில் இறக்கிச் சாகவிட்ட செய்தி 38-ஆம் அதிகாரத்தில் வருகிறது. அரண்மனையில் பணியாற்றிய எத்தியோப்பியர் ஒருவருக்கு அது தெரியவருகிறது. அவர் அயல்நாட்டவர், அதிகாரிகளோ அரசனே அஞ்சும் அளவுக்குச் செல்வாக்கு உள்ளவர்கள். ஆயினும் அவர் அரண்மனையை விட்டு வெளியே வந்து, நகர வாயிலில் அமர்ந்திருந்த அரசன் செதேக்கியாவிடம், இந்த மனிதர்கள் செய்தது தீமை என்று நேரே சொல்கிறார். செதேக்கியா கோழை என்று பெயர் எடுத்தவன். அவன்கூட அன்று ஒரு நல்ல காரியம் செய்தான்: துணைக்கு ஆட்களைக் கொடுத்து அனுப்பினான். கிழிந்த பழந்துணிகளைக் கிடங்கிலிருந்து எடுத்துப் போய், கயிறு உறுத்தாமலிருக்க அக்குளில் வைத்துக்கொள்ளும்படி சொல்லித்தான் எரேமியாவை மேலே தூக்குகிறார் அந்த ஊழியர். அடுத்த அதிகாரத்தில் ஆண்டவர் அவருக்கு ஒரு வாக்குறுதி தருகிறார்: நீ அஞ்சும் மனிதரின் கையில் நீ ஒப்புவிக்கப்படமாட்டாய் என்பதே அதன் சாரம். செல்வமோ பதவியோ தருவதாகச் சொல்லவில்லை.

அவர் பெயர் எபேது மெலேக்கு. எபிரேய மொழியில் அதற்கு 'அரசனின் ஊழியன்' என்று பொருளாம். அது பெயரே அல்ல, பதவிப்பெயர்தான் என்று கருதும் விவிலிய அறிஞர்களும் உண்டு. அப்படியானால், இத்தனை நூற்றாண்டுகளாக நாம் அவரை வெறுமனே 'அரசு ஊழியர்' என்றே அழைத்து வந்திருக்கிறோம். உண்மைப் பெயர் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு, அந்தப் பெண்ணிடம் பதிவேட்டுக் கதையைச் சொன்னேன். அதுவரை என் மனைவியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அன்னிக்கு நீங்க அவர் பேரை எழுதாம இருந்திருக்க முடியுமா ஐயா?" என்றாள்.

முடிந்திருக்கும். 'மந்தணம்' என்று குறித்துத் தனிப் பதிவேட்டில் ஏற்றி, மூடிய உறையில் மேலே அனுப்பியிருக்கலாம். தவறான முகவரிக்கு வந்திருக்கிறது என்று தலைமை அலுவலகத்துக்கே திருப்பவும் ஒரு குறிப்பு எழுதியிருக்கலாம். இரண்டு நிமிட வேலை. மந்தணப் பதிவேடு என் முதுகுக்குப் பின்னால் இருந்த அலமாரியில்தான் இருந்தது.

பிறகு எனக்குத் தெரிந்த முறையை அவளுக்குச் சொன்னேன். மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தின் செயலாளருக்கு எழுது. உறையை நன்றாக ஒட்டி, பொதுநலன் கருதிய வெளியீட்டுத் தீர்மானத்தின்கீழ் வரும் புகார் என்று மேலே குறி. உறையின் மேல் உன் பெயர் வேண்டாம். உள்ளே கடிதத்தின் தலைப்பிலோ அடியிலோ மட்டும் பெயரும் முகவரியும் இருக்கட்டும், அவர்கள் அதை எளிதாக மறைத்துவிட்டு மற்றதை விசாரிக்க முடியும். நடுவில் 'நான் இன்ன பிரிவில் இருக்கிறேன்' என்று எழுதி உன்னை நீயே அடையாளம் காட்டிவிடாதே. கண்ணால் கண்டதை மட்டும் எழுது, கேள்விப்பட்டதை விட்டுவிடு. பொய்யென்று தெரிந்தே எழுதினால் அது உன்மேலேயே திரும்பும். எழுதத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்லும் தகுதி எனக்கில்லை. எழுதினால், மாறுதல் வந்தாலும் வராவிட்டாலும், வீட்டுப் பக்கம் நாங்கள் இருக்கிறோம் என்று மட்டும் சொன்னேன்.

அவள் பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, "கவரை இங்க நம்ம ஊர்த் தபால் ஆபீசிலேயே போடலாமா ஐயா? அங்க எல்லாருக்கும் என்னைத் தெரியும்" என்றாள்.

"வேண்டாம்மா, பல்லாவரத்துல போடு" என்றேன்.